பின்பக்கமாக இறங்கிய அத்தை

அத்தையின் முட்டி மலை ஏறும்போது முனகும், இறங்கும்போது அலறும். அத்தையே அப்படித்தான் சொல்வாள்.

தேயிலை விலை விழுந்து, ஃபாக்டரி வாரத்தில் பாதி நாள் மூடிக் கிடந்த காலம் அது. நாங்கள் தேவாலாப் பக்கம் ஓர் எஸ்டேட் லயத்தில், தொழிலாளர்களுக்கான வரிசை வீடுகளில், இருந்தோம். சிலோனிலிருந்து திரும்பி வந்த குடும்பங்கள்தான் லயம் முழுக்க. அம்மா நான் பிறந்த வருஷமே போய்ச்சேர்ந்துவிட்டாள். அப்பா மிளகு பறிக்க வயநாட்டுக்குப் போனவர், எப்போதாவது வருவார். ஒரே அறை கொண்ட காம்பராவில் நானும் அத்தையும். அத்தை கொழுந்து பறித்தால் அடுப்பு எரியும். நான் ஐந்தாம் வகுப்பு. மழை பெய்தால் பள்ளிக்கூடம் போக மாட்டேன். அந்த ஊரில் மழை பெய்யாத நாள் குறைவு.

முட்டி வலிக்குக் காரணம் சொல்லாதவர்கள் லயத்தில் இல்லை. சிமெண்டுத் தரையில் படுப்பதால் வந்தது என்றார்கள். குளிர் எலும்பில் இறங்கிவிட்டது என்றார்கள். ஒரு பெரியப்பா, கப்பலில் வரும்போது பட்ட கடல்காற்று இப்போதுதான் வேலையைக் காட்டுகிறது என்றார். கப்பலில் வந்தபோது அத்தைக்கு ஏழு வயது. வைத்தியமும் அதே மாதிரிதான். தைலம் தேய்த்து, கல் உப்பை வறுத்துத் துணியில் கட்டி ஒத்தடம் கொடுத்து, எங்கள் காம்பராவுக்குள் நுழைகிறவர்களுக்குக் கண் எரியும். டிஸ்பென்சரியில் காய்ச்சலுக்குக் கொடுக்கிற அதே வெள்ளை மாத்திரை முட்டிக்கும் கிடைத்தது.

வழியைக் கண்டுபிடித்தது அத்தைதான். ஒரு நாள் கொழுந்து மூட்டையோடு சரிவில் இறங்கிக்கொண்டிருந்தவளை மேலேயிருந்து யாரோ கூப்பிட்டார்கள். திரும்பிப் பார்த்தவள், பார்த்தபடியே ஓர் அடி பின்னால் வைத்தாள். வலிக்கவில்லை. இன்னோர் அடி வைத்தாள். அதுவும் வலிக்கவில்லை. அன்றிலிருந்து மலைக்கு முகத்தையும் பள்ளத்துக்கு முதுகையும் காட்டித்தான் இறங்கினாள்.

அவளுக்கு முதுகுப் பக்கத்துக் கண் நான். சாயங்காலம் ஓடிப்போய் சரிவில் அவளுக்குக் கீழே நின்று வழி சொல்வேன். "இடது பக்கம் கல்லு அத்தே... இப்ப படி... அய்யோ, அட்டை!" அட்டை இருக்காது. அத்தை துள்ளுவாள், திட்டுவாள், பிறகு மூட்டை குலுங்கச் சிரிப்பாள். லயத்துப் பிள்ளைகள் எல்லோரும் வரிசையாகப் பின்பக்கமாக இறங்கி, கீழே வந்து ஒருவர்மேல் ஒருவர் விழுவது எங்கள் விளையாட்டாகிவிட்டது.

அப்போதுதான் எஸ்டேட்டில் ஆள் குறைக்கப் போகிறார்கள் என்ற செய்தி வந்தது. கூடலூரிலிருந்து டாக்டர் வருவார். மூட்டையோடு சரிவில் இறங்கிக் காட்ட வேண்டும். முட்டி செத்தவர்கள் பெயரை வெட்டிவிடுவார்கள். பெயர் போனால் காம்பராவும் போய்விடும். அத்தை ஒரு வாரம் நேராக இறங்கிப் பழகினாள். மூன்றாவது அடியிலேயே தேயிலைச் செடியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுவாள். மற்றப் பெண்கள் பார்த்துக்கொண்டே போனார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஜீப்பில் வந்தது ஒரு மலையாளத்து டாக்டரம்மா. காலையில் ஆள் எண்ணுகிற பெரட்டுக்களத்தில் குடை பிடித்து நின்றார். பிள்ளைகள் நாங்கள் ஜீப்பைச் சுற்றி நின்றோம். பெண்கள் மேலே மூட்டையோடு தயாராக இருந்தார்கள். பெயர்ப் பட்டியலோடு நின்ற கங்காணி விசில் ஊதினார்.

முதல் ஆள், கடைசிக் காம்பராக் கிழவி. வெற்றிலையைத் துப்பினாள். சட்டென்று திரும்பி, எங்களுக்கு முதுகைக் காட்டி இறங்க ஆரம்பித்தாள். அடுத்தவளும் அப்படியே. அதற்கடுத்தவளும். நடுவில் எங்கள் அத்தையும். மழைக்குப் போர்த்திய பிளாஸ்டிக் தாளோடு முதுகு முதுகாக மலையிலிருந்து வரிசை வந்துகொண்டிருந்தது.

கங்காணி கோயமுத்தூர்ப் பக்கத்துக்காரர். "ஏனுங்க, என்னங்க கூத்து இது? மூஞ்சியக் காட்டி எறங்குங்க!"

"சிலோன்ல நாங்க இப்புடித்தான் எறங்குவோம் கங்காணி," என்றாள் கிழவி, திரும்பாமலே. "அங்க தொரையே இப்புடித்தான் எறங்குவாரு."

"இத்தன வருசமா நேராத்தான எறங்குனீங்க?"

"அது உங்க மனசு நோகக் கூடாதுன்னு."

டாக்டரம்மா சிரித்துவிட்டார். அதோடு முடிந்திருக்கும். எனக்குத்தான் பொறுக்கவில்லை. எங்கள் அத்தை கண்டுபிடித்ததைக் கிழவி எப்படித் தூக்கிச் சிலோனுக்குக் கொடுக்கலாம்?

"பொய்யி! அது எங்க அத்தே கண்டுபுடிச்சது! அத்தேக்குத்தான் முட்டி வலி!" என்று கத்தினேன்.

முதுகுகள் எல்லாம் அப்படியே நின்றன.

டாக்டரம்மா அத்தையைக் கூப்பிட்டு பெஞ்சில் உட்கார வைத்தார். வீக்கம் இருக்கிறதா என்று இரண்டு முட்டியையும் தடவிப் பார்த்தார். முட்டிச் சில்லின்மேல் உள்ளங்கையை வைத்துக் காலை மடக்கச் சொன்னார், நீட்டச் சொன்னார். பிறகு என் கையையும் அங்கே வைத்தார். தோலுக்கு அடியில் மணலை அரைப்பது போலிருந்தது.

"கண்டோ? இந்தச் சில்லை நேரா ஓட வைக்கிறது தொடைத் தசை. அது தளர்ந்தா சில்லு எலும்பில உரசும். சுமையோட எறங்கும்போ வேதனை இன்னும் கூடும். அப்படியே விட்டா மூட்டு தேஞ்சு போகும். இப்போ பயப்பட வேண்டா, சரியாகும்."

கங்காணி பேனாவைத் திறந்துவிட்டார். அத்தை என்னைப் பார்க்கவில்லை. அதற்குப் பதில் அவள் என்னை அடித்திருக்கலாம்.

டாக்டரம்மா பேனாவைப் பார்த்தார். பிறகு பெண்களைப் பார்த்து, "வேறே ஆருக்கெல்லாம் முட்டி வேதனை உண்டு?" என்று கேட்டார்.

கிழவி கையைத் தூக்கினாள். பக்கத்தில் ஒரு கை எழுந்தது. பிறகு அந்த வரிசை முழுக்கக் கைதான். கடைசியில், போன மாதம் கல்யாணமாகி லயத்துக்கு வந்த அக்காவும் வளையல் குலுங்கத் தூக்கினாள்.

"எல்லார் பேரும் வெட்டினா, கொழுந்து நிங்கள் பறிப்பீங்களா?" என்று டாக்டரம்மா கேட்டார். கங்காணி பேனாவை மூடினார்.

பிறகு அங்கே நடந்ததுபோல ஒரு திருவிழா நான் பார்த்ததில்லை. தூறலில் எல்லோரும் காலை நீட்டி உட்கார்ந்தார்கள். இடுப்பில் கட்டும் சாக்கைச் சுருட்டி முட்டிக்கு அடியில் வைத்து, அதைக் கீழே அழுத்திப் பிடிக்க வேண்டும், விட வேண்டும். பிறகு காலை மடக்காமல் ஒரு முழம் தூக்க வேண்டும். எண்ணுகிற வேலையை டாக்டரம்மா எனக்குக் கொடுத்தார். கத்தத் தெரிகிறதே, எண்ணட்டும் என்றார். நான் வேண்டுமென்றே ஐந்துக்குப் பிறகு மறுபடி மூன்றிலிருந்து எண்ணினேன். தூக்கிய கால்களோடு எல்லோரும் என்னைத் திட்டினார்கள். அத்தைதான் உரக்கத் திட்டினாள். குந்தி உட்காரக் கூடாது, கொஞ்ச நாள் அரை மூட்டைதான் தூக்க வேண்டும், உப்பு ஒத்தடத்தை விட வேண்டாம் என்று சொல்லிவிட்டு டாக்டரம்மா ஜீப்பில் ஏறினார்.

அந்த மழைக்காலம் முடிவதற்குள் அத்தை நேராக இறங்கத் தொடங்கினாள். காம்பரா எங்களிடமே இருந்தது. இரண்டு வருஷம் கழித்து நான் படிப்பை விட்டு ஊர் ஊராகப் போனேன். திருப்பூர், கொச்சி, ஓசூர் என்று எங்கே தங்கினாலும் காலையில் சாக்குக்குப் பதில் துண்டைச் சுருட்டி வைத்து முட்டியை அழுத்துகிறேன்.

அன்று களத்திலிருந்து லயத்துக்குத் திரும்பும்போது புதுப்பெண் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். முந்தின நாள்தான் அவள் எங்களோடு கயிறு தாண்டியிருந்தாள்.

"அக்கா, ஒங்களுக்கு முட்டி வலி எப்ப வந்துச்சு?"

"நீ கத்துனியே, அப்பத்தான்," என்றாள்.

நான் அதை நம்பிவிட்டேன். கத்தினால் அடுத்தவர்களுக்கு முட்டி வலி வந்துவிடும் என்று, ரொம்ப நாள் அந்த லயத்தில் மெதுவாகத்தான் பேசிக்கொண்டிருந்தேன்.