மந்திரி சொன்ன யோசனை

மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் அவளுக்குப் பெயர் மந்திரி. கேட்டவர்களுக்கும் யோசனை சொல்வாள், கேட்காதவர்களைத் துரத்திப் பிடித்தும் சொல்வாள். பிள்ளை சரியாகச் சாப்பிடவில்லையா, வீட்டுக்காரன் முகம் கொடுத்துப் பேசவில்லையா, கையில் சோப்புப் புண்ணா, அவளிடம் போனால் வெறுங்கையோடு திரும்ப முடியாது. பாதி பலிக்கும். பலிக்காத பாதியை யாரும் ஞாபகம் வைத்துக்கொள்ளவில்லை, முக்கியமாக அவள்.

அவளோடு ஜோடி சேர்ந்து படுக்கை விரிப்பு மடிக்கிறவள் நெட்டை. உலர்த்தும் எந்திரத்திலிருந்து சூடாக வரும் விரிப்பை ஆளுக்கொரு பக்கம் பிடித்து உதறி, எதிரெதிரே நடந்து வந்து முனைகளைச் சேர்ப்பார்கள். ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்க்காமல் அந்த வேலையைச் செய்ய முடியாது. இத்தனை வருஷத்தில் அது மந்திரிக்கு ஒரு கஷ்டமாகத் தோன்றியதே இல்லை.

மூன்று வருஷத்துக்கு முன் அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்தார். சம்பளத்தில் பிடிக்கும் ஓய்வுக்கால நிதியை நிலையான வட்டியில் வைப்பதா, பங்குச் சந்தையில் போடுவதா, அவரவரே சொல்லுங்கள் என்றார். நெட்டை வழக்கம்போல மந்திரியைப் பார்த்தாள்.

"சந்தையிலயே போடுடி. வட்டியை நம்பினா வாய்க்கும் வயித்துக்கும் பத்தாது" என்றாள் மந்திரி, அடித்துச் சொல்கிற குரலில்.

தன் முறை வந்தபோது மந்திரிக்கு அந்தத் துணிச்சல் வரவில்லை. சத்தம் போடாமல் வட்டியிலேயே வைத்துக்கொண்டாள். சந்தை ஏறிக்கொண்டே போனபோது தன் கோழைத்தனத்தைச் சொல்ல வெட்கம். அப்புறம் ஊரெங்கும் வியாபாரம் படுத்தது, சந்தை சரிந்தது, சொல்கிற துணிச்சலும் போயிற்று. நெட்டையின் நிதியில் கிட்டத்தட்ட பாதி காணாமல் போயிருந்தது. இரண்டு பேருக்கும் அந்த மாதக் கடைசியோடு ஓய்வு.

"சூப்பர்வைசர்கிட்ட பேசிட்டேன். இன்னும் ரெண்டு வருஷம் இருந்துக்கோன்னுட்டார்" என்றாள் நெட்டை, விரிப்பை உதறியபடி. முட்டி இரண்டும் வீங்கி, நடக்கும்போது சாய்ந்து சாய்ந்து வந்தாள். "உனக்கும் சேர்த்துக் கேட்டுட்டேன்."

மந்திரி விரிப்பை உதறுவதை நிறுத்தினாள். "எனக்கு எதுக்குடி?"

"பின்னே? நீயும்தானே மாட்டிக்கிட்டே. ராத்திரி தூக்கமே வர்றதில்ல. நீயும் இப்படித்தான் முழிச்சுக்கிட்டுக் கிடப்பேன்னு நெனச்சா கொஞ்சம் தைரியம் வருது."

பேசாமல் இன்னும் இரண்டு வருஷம் கூடவே உழைத்துவிட்டுப் போய்விடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. அவளால் அது முடியும். ஆனால் தினம் தினம் இந்த முகத்தைப் பார்க்க வேண்டுமே.

"நான் வட்டியிலதான்டி வச்சேன். என் பணம் அப்படியே இருக்கு."

நெட்டை முனைகளைச் சேர்த்தாள். "ஏன்?"

"பயமா இருந்துச்சு."

நாலு வார்த்தை திட்டுவாள் என்று மந்திரி காத்திருந்தாள். திட்டினால் வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் இருந்தாள்.

"அன்னிக்கே சொல்லியிருக்கலாமே" என்றாள் நெட்டை மெதுவாக. "நீ பயந்தேன்னு தெரிஞ்சிருந்தா நானும் பயந்திருப்பேனே."

நெட்டை மடித்த விரிப்பை அடுக்கில் வைத்தாள். அடுத்ததைக் கையில் எடுத்துக்கொண்டு, இஸ்திரி மேசைப் பக்கம் திரும்பி அங்கே நின்றவளிடம், "கொஞ்சம் இப்படி வந்து இந்தப் பக்கம் பிடி" என்று கூப்பிட்டாள்.