மூன்று தடவை தட்டிய கதவு

வெர்னா லெவிட் முப்பத்தோரு வருஷம் வெஸ்ட் கோர்ம்லியில் பள்ளிக்கூட பஸ் ஓட்டினாள். மெய்ன் மாநிலத்தின் அந்த மலையோர ஊரில் எந்த வீட்டு நாய் கடிக்கும், எந்த வீட்டுக் கணவன் குடிப்பான் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. எந்த வீட்டிலும் முன்கதவு திறக்காது என்பது அவளுக்கு மட்டுமல்ல, ஊரில் பிறந்த எல்லோருக்கும் தெரியும். வருகிறவன் வீட்டைச் சுற்றிப் போய்ச் சமையலறைக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வரவேண்டும். முன்கதவு பாதிரியாருக்கும் சவப்பெட்டிக்கும்தான். வெர்னா வீட்டில் அது அவள் அப்பாவைத் தூக்கிப்போன அன்று திறந்தது.

அவள் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தம்பி ஆரினும் அவளும் அதே வீட்டில் இருந்தார்கள். மர ஆலையில் கால் நசுங்கிய பிறகு ஆரின் ஊன்றுகோலோடுதான் நடந்தான், காதும் பாதிதான் கேட்டது. ஒன்பது வருஷத்துக்கு முன் ஒரு ஜனவரியில் வெர்னாவுக்கு இடுப்பு எலும்பில் அறுவை சிகிச்சை. மூன்று வாரம் போர்ட்லாந்து ஆஸ்பத்திரியில் கிடக்கவேண்டும். தம்பிக்குச் சோறு பொங்கத் தெரியாது என்பதால், முதியவர்களுக்கு வீடுதேடிச் சாப்பாடு கொடுக்கும் உணவு நிலையத்தில் அவன் பெயரைப் பதிந்துவிட்டுப் போனாள்.

நிலையத்தின் தலைவர் கிரெக் ஆல்ட்ரிச், வெளியூரிலிருந்து வந்தவர். சாப்பாடு கொண்டுபோகிறவர் யார் வீட்டுப் பின்பக்கமும் போகக்கூடாது, முன்கதவைத்தான் தட்டவேண்டும் என்று அவரே ஒரு விதி எழுதியிருந்தார். பின்பக்கம் வழுக்கி விழுந்தால் வழக்கை யார் சந்திப்பது? மூன்று தடவை தட்டு, மூன்று நிமிஷம் நில், திறக்காவிட்டால் கைப்பிடியில் ஒரு அட்டையை மாட்டிவிட்டுச் சாப்பாட்டைத் திருப்பிக் கொண்டுவா. மூன்று அட்டை ஆனால் பெயர் அடிபடும்.

திங்கள், புதன், வெள்ளி என மூன்று நாளும் வண்டி வந்தது, முன்கதவில் அட்டை தொங்கியது. ஆரின் பின்பக்கம் சமையலறைக் கதவுக்கு எதிரே நாற்காலி போட்டுத் தட்டும் முட்கரண்டியுமாகக் காத்திருந்தான். தொலைபேசியில் வெர்னா கேட்டபோதெல்லாம் "நல்லாத்தான் இருக்கேன்" என்றான். சாப்பாடு வரலை என்று சொல்ல அந்த ஊர் ஆம்பிளைகளுக்கு வாய் வராது. பிஸ்கட்டும் கடுங்காப்பியுமாக ஓட்டியிருக்கிறான். அதே நாற்காலியில்தான் அவனைக் கண்டெடுத்தார்கள். டாக்டர் இதயம் என்றார். இருக்கலாம். மேஜைமேல் கழுவி வைத்த தட்டு எதைச் சொன்னது என்பது வெர்னாவுக்குத் தெரியும்.

சவப்பெட்டிக்காக முன்கதவைத் திறந்தபோது மூன்று அட்டைகளும் காலடியில் விழுந்தன. அடக்கம் முடிந்த மறுநாள் அவள் ஊன்றுகோலோடு ஆல்ட்ரிச்சைப் பார்க்கப் போனாள். அவர் உட்காரச் சொல்லக்கூட இல்லை.

"எங்க ஆளு மூணு தடவை வந்திருக்கார், மிஸ் லெவிட். யாரும் திறக்கலை. விதின்னா எல்லாருக்கும் விதிதானே?"

அவள் வெளியே வந்தாள். பூனைக்கும் ஒரு காலம் வரும் என்று மனசுக்குள் முடிச்சுப் போட்டுக்கொண்டாள்.

ஊரில் மக்கள் சேவைக் குழு என்று ஒன்று உண்டு. ஐந்து பேர், சம்பளம் கிடையாது. வீட்டு நர்ஸ், முதியோர் வண்டி, உணவு நிலையம் என்று ஊரார் வரியில் உதவி கேட்டு வரும் அமைப்புகளைக் கண்காணிப்பது அவர்கள் வேலை. ஒவ்வொருவரும் இரண்டு அமைப்பை நேரில் போய்ப் பார்த்து ஒரு பக்கம் எழுதவேண்டும். ஜனவரியில் விசாரணை, ஒரு அமைப்புக்குப் பதினைந்து நிமிஷம். வராதவருக்குப் பரிந்துரை இல்லை. குழு வேண்டாம் என்றதை மார்ச் மாத ஊர்க்கூட்டத்தில் யாரும் கைதூக்கிக் காப்பாற்றியதில்லை. இந்தக் குழுவுக்கு ஆள் கிடைப்பது குதிரைக்கொம்பு. வெர்னா கேட்டதும் கொடுத்துவிட்டார்கள், எழுத்தர் வேலையையும் சேர்த்து அவள் தலையில் கட்டினார்கள்.

எட்டு வருஷம் பொறுத்தாள். உணவு நிலையத்தைப் பார்வையிடும் முறை அவளுக்கு வர அவ்வளவு காலம் ஆயிற்று. போய்ப் பார்த்தாள். சாப்பாடு சூடாக இருந்தது. டானா என்ற ஓட்டுநர் பெண் உள்ளூர்க்காரி, விதியை மீறிச் சமையலறைக் கதவைத்தான் தட்டுகிறாள். அதற்காக ஆல்ட்ரிச் அவளுக்கு இரண்டு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்திருந்தார். வெர்னா அந்த இரண்டையும் வரி விடாமல் படித்தாள். ஆனாலும் நிலையத்தை இழுத்து மூடினால் அறுபத்திரண்டு கிழடுகள் பட்டினி கிடக்கும். ஆரின் பட்டினிக்குப் பதில் இன்னும் அறுபத்திரண்டு பட்டினியா? அவ்வளவு கேடுகெட்டவள் இல்லை அவள். தேவாலயத்துச் சமையற்கட்டுப் பெண்களிடம் நடையாய் நடந்தாள். அவர்களும் இந்த வருஷம் அதே வேலைக்கு மனுப் போட்டார்கள், டானாவை வைத்துக்கொள்வதாகவும் எழுதினார்கள். இரண்டில் ஒன்றுக்குத்தான் பரிந்துரை. இருந்தாலும் ஆல்ட்ரிச் வாய்ச்சாலக்காரர், எதிரே நின்று பேசினால் குழு அவர் பக்கம் சாய்ந்துவிடும் என்று அவளுக்குப் பயம்.

அப்போதுதான் பழம் நழுவிப் பாலில் விழுந்தது. ஊர் அலுவலகத்தில் குழாய் உறைந்து வெடித்தது. விசாரணையை மில் சாலை உழவர் மண்டபத்துக்கு மாற்றினார்கள். கடிதம் போட்டது எழுத்தர் வெர்னாதான்: இடம் உழவர் மண்டபம், நேரம் மாலை நான்கு. அதில் ஒரு எழுத்துப் பொய் இல்லை. எந்தக் கதவு என்று அவள் எழுதவில்லை, உள்ளூர்க்காரருக்கு எழுதவேண்டிய அவசியமும் இல்லை.

குழு பின்கட்டுச் சமையலறையில் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்திருந்தது. வண்டிகளெல்லாம் பின்னால் நின்றன. பனியில் சக்கரத் தடத்தைப் பார்த்தால் குழந்தைகூடச் சுற்றி வந்துவிடும். நான்கு மணிக்கு முன்கதவு தட்டப்பட்டது. மூன்று தட்டு. தலைவர் ராய்ஸ் ஹாஸ்கலுக்கு டிராக்டர் ஓட்டியே காது மந்தம். மற்றவர்கள் மாட்டுத் தீவன விலை பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். கூடத்துக் கதவோரம் இருந்த வெர்னாவுக்கு மட்டும் கேட்டது.

மறுபடி மூன்று. அவள் பென்சிலைக் கீழே வைத்தாள். எழுந்து போய்ச் சொன்னால் போதும், பத்து எட்டு. தம்பியும் ஊன்றுகோலை வைத்துக்கொண்டு பத்து எட்டு தூரத்தில்தான் இருந்தான். அவள் எழுந்திருக்கவில்லை. அந்த நிமிஷம் அவளுக்கு இனித்தது என்பதை மறைப்பானேன். இனிக்கத்தான் செய்தது.

"ஆல்ட்ரிச் வரலையா? ஃபோன் போட்டுப் பாக்கலாமா?" என்றார் ராய்ஸ்.

"இந்தப் பள்ளத்துல எந்த ஃபோன் எடுக்குது?" என்றாள் வெர்னா.

நாலேகாலுக்கு ராய்ஸ் தலையசைத்தார். அவள் 'வரவில்லை' என்று எழுதிப் பெயரை அடித்தாள். தேவாலயத்துப் பெண்கள் பீன்ஸ் பானையோடு சமையலறைக் கதவு வழியாக வந்து உட்கார்ந்தார்கள்.

அவர்கள் பேசத் தொடங்கி ஐந்து நிமிஷம் இருக்கும், அதே கதவைத் தள்ளிக்கொண்டு ஆல்ட்ரிச் நுழைந்தார். முழங்கால்வரை பனி, மூக்கு சிவந்திருந்தது.

"நாலு மணிக்கே வந்துட்டேன். மூணு தடவை தட்டினேன். ஒருத்தரும் திறக்கலை."

ராய்ஸ் காதருகே கை வைத்துக்கொண்டார். "எந்தக் கதவு?"

"முன்கதவு."

ஆரினின் சவப்பெட்டியை முன்கதவு வழியாகத் தூக்கி வந்த ஆறு பேரில் ராய்ஸ் ஒருவர். காலடியில் விழுந்த அட்டைகளைப் பொறுக்கி வெர்னா கையில் கொடுத்ததே அவர்தான். அவர் மெதுவாக அவளைத் திரும்பிப் பார்த்தார். அவள் கண்ணைத் தாழ்த்தவில்லை.

"அப்படியா. நேரம் முடிஞ்சுபோச்சே, ஐயா" என்றார் ராய்ஸ்.

"கொஞ்சம் மனசு வைங்க. கதவு தெரியாமத்தானே? நான் வெளியிலயேதான் நின்னேன்!"

வெர்னா கைப்பையைத் திறந்தாள். ஒன்பது வருஷத்தில் ஓரம் மஞ்சளடித்த அட்டை ஒன்றை எடுத்து அவர் கையுறைமேல் வைத்தாள். கீழே தேதியும் நிலையத்தின் முத்திரையும் இருந்தன. அவர் அதை வாய்க்குள் படித்தார்: 'உங்களுக்காக வந்தோம். கதவு திறக்கப்படவில்லை.'

"எங்கிட்ட மூணு இருக்கு," என்றாள் வெர்னா. "உங்களுக்கு ஒண்ணு போதும்."

அவர் முகம் வெளுத்ததை அவள் ஆற அமரப் பார்த்தாள். ராய்ஸ் அடுத்த தாளைப் புரட்டினார்.

"போறப்ப கதவை நல்லா சாத்திட்டுப் போங்க," என்றார். "குளிர் உள்ள வருது."