வலது கைக்குப் போகும் ரத்தக்குழாய்

தளவாய்புரத்தில் நைட்டி தைக்கும் என் மனைவிக்குப் போன வருடம் இட்லிகூட நெஞ்சில் அடைத்து நின்றது. ராஜபாளையத்தில் ஸ்கேன் எடுத்தோம். டாக்டரம்மா பொறுமையாகப் படம் வரைந்து காட்டினார்.

"வலது கைக்குப் போற ரத்தக்குழாய் பொதுவா வலப்பக்கமே பிரியும். இவங்களுக்கு இடப்பக்கம் பிரிஞ்சு, உணவுக்குழாய்க்குப் பின்னால வந்து அதை அழுத்துது. பிறவியிலேயே அப்படித்தான்."

"அப்ப இந்தக் கைக்கு ரத்தம் குறைச்சலா வருதா?" என்று பதறினாள் அவள்.

"இல்லம்மா, நல்லாவே வருது. இப்போ ஆபரேஷன் வேண்டாம். கொஞ்சம் கொஞ்சமா மென்னு சாப்பிடுங்க."

அப்படிச் சாப்பிட்டதில் அடைப்பு குறைந்தது. ஒருநாள் தையல் மெஷினில் இருந்தவள் வலது கையை விரித்துப் பார்த்துச் சொன்னாள்:

"இம்புட்டு தூரம் சுத்தி வந்தும், ஒருநாள்கூட இந்தக் கையை அது பட்டினி போடல, பாத்தீங்களா!"

எனக்கும் வியப்பு தாளவில்லை.