திருத்தாத அறிக்கை

சுனாமிக்கு அடுத்த ஆண்டு, வீடிழந்தவர்களைக் குடியேற்ற வாவிக் கரையில் ஒரு நிலம் பார்த்தார்கள். அளந்து அறிக்கை கொடுக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. எங்கள் காரியாலயத்துத் தொழில்நுட்ப உத்தியோகத்தர்களில் நான் ஒருத்திதான் பெண். அங்கிருந்த பழைய கிணற்றுக் கட்டுச் சுவரில் முந்திய வெள்ளத்தின் கறை என் இடுப்பளவுக்கு இருந்தது. மாரி மழையில் வாவி இங்கே ஏறும், வீடு கட்ட உகந்ததல்ல என்று கடைசிப் பந்தியில் எழுதினேன்.

மேலதிகாரி அறிக்கையைத் திருப்பித் தந்தார்.

“கடைசிப் பந்தியை எடுத்துப்போட்டு வேற டைப் அடியுங்க பிள்ளை. அடிக்கல் நடுறதுக்கு நாளும் குறிச்சாச்சு.”

“எடுக்கச் சொல்லி எழுத்தில தாங்க சேர்.”

அவர் தரவில்லை. அடுத்த வாரம், பெண்களுக்குக் களவேலை பாதுகாப்பில்லை என்று சொல்லி என்னை வெளியே அனுப்புவதை நிறுத்தினார். வழியெல்லாம் சோதனைச் சாவடிகள் இருந்த காலம். கேட்பவர்களுக்கு அது அக்கறையாகவே தோன்றும். என் மேசை பழைய கோப்புகள் கிடந்த அறைக்குப் போனது. எனக்குப் பின் சேர்ந்த ஓர் ஆண் உத்தியோகத்தர், அந்த மண்ணை மிதிக்காமலே புதிய அறிக்கை எழுதினார்.

கொழும்புத் தலைமையகத்துக்கு முறைப்பாடு எழுதப்போகிறேன் என்று காரியாலயத்தில் எழுத்து வேலை செய்த தோழியிடம் சொன்னேன்.

“உனக்கென்னத்துக்குகா இந்தச் சண்டை? எழுதத்தான் வேணுமெண்டா மொட்டைக் கடிதமாப் போடு.”

முறைப்பாடு செய்பவரைக் காக்கச் சட்டம் எதுவும் இருப்பதாக எங்களில் எவருக்கும் தெரியாது. ஆனாலும் பெயரில்லாத கடிதத்தைக் குப்பையில் போடுவது சுலபம். பெயரும் பதவியும் எழுதிக் கையொப்பமிட்டேன்.

கல் நடுவது நின்றது. செய்தி, வீடிழந்தவர்கள் இருந்த கூடார முகாமுக்கும் போயிருந்தது. சந்தையில் ஒரு பெண் என்னை வழிமறித்தாள்.

“நீங்கதானே எங்கட வீட்டை நிப்பாட்டின மிஸ்? கூடாரத்துக்க ஒரு நாள் இருந்து பாருங்க.”

நான் விளக்கம் சொன்னேன். அவள் கேட்க நிற்கவில்லை. மேலதிகாரி செய்த எதுவும் என்னை அவ்வளவு வருத்தவில்லை. அன்று மட்டும் கடிதத்தைத் திரும்பப் பெறலாமா என்று நினைத்தேன். கிணற்றுக் கட்டின் கறை கண்ணுக்குள் நின்றது. பெறவில்லை.

விசாரணைக்கு ஓர் அதிகாரி வந்தார். நான் அந்த நிலத்துக்குப் போகவே இல்லை என்று மேலதிகாரி சாதித்தார். காத்தான்குடியைச் சேர்ந்த எங்கள் சாரதி அழைக்கப்பட்டார். ஓய்வுபெற அவருக்கு ஒரு வருடமே இருந்தது. வாகனம் போய்வந்த இடங்களைக் குறிக்கும் பதிவுப் புத்தகத்தை மேசையில் விரித்தார்.

“நான்தான் மிஸ்ஸைக் கொண்டுபோன சேர். அளந்து முடியுமட்டும் வெயிலுக்க நிண்டாங்க. பொய் சொல்ல என்னால ஏலா.”

அந்த மாதத்திலிருந்து அவருக்கு மேலதிக நேர வேலை கொடுக்கவில்லை.

விசாரணை அதிகாரி இடத்தைப் பார்க்க விரும்பினார். மாரி பிடித்திருந்தது. காற்சட்டையை மடித்துக்கொண்டு தண்ணீருக்குள் நடந்து கிணறுவரை போனார். குறிப்பெழுதிக்கொண்டு திரும்பினார். அந்த நிலம் கைவிடப்பட்டு, மேட்டில் வேறு நிலம் எடுக்கப்பட்டது. முகாம் மக்கள் இன்னொரு மாரியைக் கூடாரத்தில் கழித்தார்கள்.

களவேலை எனக்குச் சும்மா திரும்பவில்லை. பெண்ணை நிறுத்திவைக்க எந்த விதி இடம் தருகிறது என்று மூன்று கடிதம் எழுதிக் கேட்டேன். மூன்றாவதுக்குப் பிறகு அளவுநாடாவைத் தந்தார்கள். பதவி உயர்வு அந்த ஆண் உத்தியோகத்தருக்குப் போனது. எனக்குரிய பதவி உயர்வு நேர்முகம் யுத்தம் முடிந்த வருடத்தில்தான் வந்தது.

“மேலதிகாரிக்கு எதிரா எழுதின ஆள் நீங்கதானே?” என்றார் மூவரில் நடுவில் இருந்தவர்.

“ஓம் சேர். நான்தான்.”

அவர் அதைக் கோப்பில் குறித்துக்கொண்டார். பிறகு வீட்டுக்கு அத்திவாரம் போடுவது பற்றிக் கேட்டார்கள். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன்.