அண்ணன் வண்டியிலிருந்து கழற்றியது

களக்காட்டில் ஒரு கல்யாண வீட்டாரை இறக்கிவிட்டு வெறும் வண்டியாகத் திரும்பிக்கொண்டிருந்தேன். கார்த்திகை மழை. நாங்குநேரிக்கு வரும் வழியில் ஓடைப்பாலத்தை ஒட்டி ரோட்டில் தண்ணீர் நின்றது. அடியில் பள்ளம் இருந்தது தெரியவில்லை. முன்பக்க இடது சக்கரம் இறங்கியது. இறங்கிய வேகத்தில் ஒரு சத்தம் கேட்டது. இறங்கிப் பார்த்தால் சக்கரம் உள்பக்கமாக மடங்கி, கால் ஒடிந்த மாடு மாதிரி வண்டி ஒருக்களித்துக் கிடந்தது.

அது எட்டுப் பேர் உட்காருகிற பெரிய வண்டி. ஸ்ரீவைகுண்டத்தில் அதை வைத்து நான் வாடகைக்கு ஓட்டிக்கொண்டிருந்தேன். லாரியில் கட்டி இழுத்துப் பாளையங்கோட்டையில் எனக்குப் பழக்கமான பட்டறையில் கொண்டுபோய் விட்டேன். பட்டறைக்காரர் அடியில் படுத்துப் பார்த்துவிட்டு வந்து கையைத் துடைத்தார்.

"லோயர் ஆர்ம் போச்சு வே. பால் ஜாயிண்ட் உக்காருத இடத்துலயே கீறிக்கிட்டு."

சக்கரத்தை வண்டியின் சட்டத்தோடு பிடித்துக்கொண்டு, மேடுபள்ளத்துக்குத் தக்கபடி ஏறி இறங்க விடுகிற இரும்புக் கை அது. மேலே ஒன்று, கீழே ஒன்று. கீழே இருப்பதுதான் பாரம் தாங்குவது; அதன் நுனியில் சக்கரம் திரும்புவதற்கு இருக்கிற குண்டு மூட்டுதான் பால் ஜாயிண்ட். அந்த மாடல் வந்து சில வருஷங்கள்தான் ஆகியிருந்ததால் திருநெல்வேலிக் கடைகளில் சாமான் இல்லை. மதுரையில் கேட்டால் மெட்ராசிலிருந்து வர வேண்டும் என்றார்கள். எப்போது என்று ஒருவரும் சொல்லவில்லை. பற்றவைத்து ஓட்டலாமா என்று கேட்டேன். ஆள் ஏற்றுகிற வண்டியில் அந்தப் பாவத்தைச் செய்ய மாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

பிறகு அவரே தயங்கித் தயங்கி ஆரம்பித்தார்.

"உங்க அண்ணன் வண்டி வீட்லதானே நிக்கி? ரெண்டும் ஒரே கம்பெனி. மேலதான் பெட்டி வேற. முன்னால கீழ்க்கை ரெண்டுக்கும் ஒண்ணுதான்."

எனக்கு அது தோன்றாமல் இல்லை. வாயால் சொல்லத்தான் மனசு வரவில்லை.

என் அண்ணன் வளைகுடாவில் வேலை பார்த்தவன். ஒரு லீவில் வந்தபோது மெட்ராசில் செகண்ட் ஹேண்டாக மூன்று கதவு வண்டி ஒன்றை வாங்கித் தானே ஓட்டிக்கொண்டு வந்தான். கரும்பச்சை நிறம். பின்பக்கம் பெரிய கண்ணாடி. அந்த லீவு முழுக்க மதினியையும் குழந்தையையும் ஏற்றிக்கொண்டு திருச்செந்தூர், பாபநாசம், குற்றாலம் என்று சுற்றினான். திரும்பிப் போன பிறகு வெள்ளிக்கிழமை தோறும் எஸ்.டி.டி. பூத்துக்குப் போன் செய்வான். பிறகு மாசத்துக்கு ஒரு தடவை. பிறகு நின்றுபோனது. அவனோடு அறையில் தங்கியிருந்தவர் ஊருக்கு வந்தபோது, அவன் அந்தக் கம்பெனியை விட்டுவிட்டு உள்ளே பாலைவனப் பக்கம் வேறு வேலைக்குப் போய்விட்டதாகச் சொன்னார். அதற்கு மேல் அவருக்கும் தெரியவில்லை. எழுதிப் போடாத இடம் இல்லை. என் வண்டி பள்ளத்தில் விழுந்தபோது சேதி நின்று மூன்றாவது வருஷம் நடந்துகொண்டிருந்தது.

அவன் வண்டி எங்கள் வீட்டுப் பக்கவாட்டில் தகரக் கொட்டகையில் நின்றது. ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் அதை ஸ்டார்ட் செய்து கொஞ்ச நேரம் ஓடவிட வேண்டும். அம்மையின் உத்தரவு அது. மற்றபடி யாரும் அதைத் தொடக்கூடாது.

வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னேன். அம்மை அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தைக் கீழே வைத்தாள்.

"அவன் வந்து வண்டி எங்கலேன்னு கேட்டா என்ன சொல்லுவ?"

"வண்டி இருக்கும்மா. ஒரே ஒரு சாமான். புதுசு வந்ததும் திருப்பி மாட்டிருவேன்."

"ஒரு சாமானும் எடுக்காத. வாடகை வண்டி கொஞ்ச நாள் ஓடாட்டாத்தான் என்ன?"

நான் வெளியே வந்துவிட்டேன். மதினி பின்னாலேயே வந்தாள். அண்ணனைப் பற்றி அவள் பேசுவதே கிடையாது. ஊரில் யாராவது விசாரித்தாலும் தலையை மட்டும் ஆட்டிவிட்டு நகர்ந்துவிடுவாள். கையில் வண்டிச் சாவியை வைத்திருந்தாள்.

"கழட்டுங்க தம்பி. அவுக வந்தா நான் பதில் சொல்லிக்கிடுதேன்."

அவள் முகத்தைப் பார்த்தேன். அதில் கோபமும் இல்லை, அழுகையும் இல்லை. ரொம்ப நாள் காய்ச்சலில் கிடந்து எழுந்தவள் மாதிரி இருந்தாள்.

இரண்டு நாள் கழித்துப் பட்டறைக்காரர் சாமான் பையோடு ஸ்கூட்டரில் வந்தார். ஜாக்கி வைத்து வண்டியைத் தூக்கி, சட்டத்துக்கு அடியில் கல் அடுக்கினோம். சக்கரத்தைக் கழற்றியதும் உள்ளே முழுக்கத் துரு. மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவிட்டார். அந்த வண்டிகளில் முன்பக்கம் வில்லுக்குப் பதிலாக நீளமான முறுக்குக் கம்பி ஒன்று இருக்கும். அதன் முறுக்கைத் தளர்த்தாமல் அந்த இரும்புக் கையைக் கழற்றப் போனால் அடித்துவிடும். எந்த இடத்தில் நின்றது என்று சாக்கட்டியால் கோடு போட்டுக்கொண்டு, பைய ஒவ்வொரு சுற்றாகத் தளர்த்தினார். போல்ட்டை அடித்து வெளியே எடுத்த சத்தம் தெரு முழுக்கக் கேட்டிருக்கும். அம்மை ஜன்னலைச் சாத்திக்கொண்டாள்.

ஒடிந்த கையையும் கழற்றிய கையையும் சாக்கில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். நீளம் ஒன்று, வளைவு ஒன்று, துளைகளும் ஒன்று. துளையில் உட்காருகிற ரப்பர் புஷ் மட்டும் அண்ணன் வண்டியில் அகலம் கொஞ்சம் குறைவு. என் வண்டிக்குத் தக்க புதுப் புஷ் அழுத்தி, பால் ஜாயிண்டும் புதிதாகப் போட்டு மறுநாள் பட்டறையில் மாட்டினார். முதலில் வண்டி இடது பக்கம் தாழ்ந்து நின்றது. முறுக்குக் கம்பியை மறுபடி ஏற்றி இரண்டு பக்கமும் ஒரே உயரத்துக்குக் கொண்டுவந்தார். சக்கரங்கள் நேராக நிற்கின்றனவா என்று நூல் பிடித்துப் பார்த்தார். ஓட்டிப் பார்த்தேன். ஒரு குறையும் இல்லை. அது எனக்குச் சந்தோஷமாக இல்லை.

அன்றிலிருந்து அம்மை மதினியோடு பேசவில்லை. சாப்பாடு போட்டால் சாப்பிடுவாள். ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் பேத்தியைக் கூப்பிட்டுச் சொல்லுவாள். சக்கரம் இல்லாமல் கல்லின் மேல் நின்ற வண்டியையும் ஞாயிற்றுக்கிழமை ஸ்டார்ட் பண்ணச் சொன்னாள். செய்தேன். நின்ற இடத்தில் அது உறுமிக்கொண்டிருக்கும். அம்மை வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருப்பாள்.

தை கடைசியில் புதுச் சாமான் வந்தது. பட்டறைக்காரர் அதை என் வண்டிக்கே போட்டுவிடலாம், பழையதை அண்ணன் வண்டிக்குத் திருப்பிவிடலாம் என்றார். அம்மை ஒத்துக்கொள்ளவில்லை.

"புதுசை அவன் வண்டிக்குப் போடுங்க. ஊரெல்லாம் அடிபட்டதை அவனுக்கு மாட்ட வேண்டாம்."

அப்படியே செய்தோம். கொட்டகைக்குள் அந்த வண்டி நேராக நின்றது. டயர்களுக்குக் காற்றடித்துக் கழுவி விட்டேன். அம்மை வெளியே வந்து சுற்றிப் பார்த்தாள். பிறகு யாரும் எதிர்பார்க்காத விதமாக முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.

"ஒரு வட்டம் போயிட்டு வருவோம்லே."

அணைக்கட்டு வரை ஓட்டிக்கொண்டு போனேன். ஆற்றில் தண்ணீர் குறைந்து மணல் திட்டுத் திட்டாகத் தெரிந்தது. வழி நெடுக வாழைத்தார் ஏற்றிய வண்டிகள். அணைக்கட்டில் நிறுத்தியதும் அம்மை கேட்டாள்.

"நல்லாத்தானே ஓடுது?"

"நல்லா ஓடுதும்மா."

"அப்போ ஓட்டுததுக்கு ஆள் வேணும். யாராச்சும் கேட்டா குடுத்துரு." கொஞ்சம் பொறுத்து, "அவன் வரமாட்டான்லே" என்றாள்.

நான் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இருந்தேன். மூன்று வருஷமாக நாங்கள் யாரும் வாயில் கொண்டுவராத சொல். அதைச் சொன்ன பிறகு அவள் அழவும் இல்லை. திரும்புகிற வழியெல்லாம் முந்தானையால் கண்ணாடியில் இருந்த தூசியைத் துடைத்துக்கொண்டே வந்தாள்.

வள்ளியூரிலிருந்து ஒரு மரக்கடைக்காரர் வந்து பார்த்துப் பிடித்துப்போய் அடுத்த வாரம் எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். அன்று சாயங்காலம் மதினி அடுப்படியில் இருந்து என்னைக் கூப்பிட்டாள்.

"தம்பி, நான் அந்த ஒரு கையைத்தானே எடுக்கச் சொன்னேன்."

அம்மை எழுந்து வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். அத்தனை மாசத்துக்குப் பிறகு அன்றுதான் அவளை "ஏ பிள்ள" என்று கூப்பிட்டாள். மதினி அவள் மடியில் முகத்தை வைத்துக்கொண்டு அழுத அழுகை, எனக்குத் தெரிந்து அண்ணனுக்காக எங்கள் வீட்டில் விழுந்த முதல் அழுகை. மரக்கடைக்காரர் வந்தபோது நான் மட்டும்தான் வெளியே நின்றேன். பின்கண்ணாடியில் எங்கள் வீடு தெரிய அந்த வண்டி தெரு திரும்பிப் போனது.

மதினி அந்தச் சித்திரையில் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு களக்காட்டில் அவள் அப்பா வீட்டுக்குப் போய்விட்டாள். சண்டை ஒன்றும் இல்லை. அங்கே ஒரு தையல் பள்ளியில் வேலை கிடைத்தது. பொங்கலுக்கும் கோயில் கொடைக்கும் வந்துபோவாள்.

அம்மை அதற்கு மறுவருஷம் தவறினாள். மதினி வந்து பதினாறாம் நாள் விசேஷம் வரை இருந்தாள். விசேஷத்துக்குக் கார்டு அடிக்க நாங்கள் இருவரும் அச்சகத்துக்குப் போனோம். மகன்கள் என்று போட்டு முதலில் அண்ணன் பெயரை எழுதிக் கொடுத்தேன். அச்சகக்காரருக்கு எங்கள் வீட்டுச் சங்கதி தெரியும். பேனாவை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"அண்ணாச்சி பேருக்கு முன்னால அமரர்னு எதுவும் போடணுமா?"

நான் மதினியைப் பார்த்தேன்.

"பேரு மட்டும் போடுங்க," என்றாள்.