ஒன் ஃபிப்டி என்று சொன்னேன்

என் முழங்கால்கள் இரண்டும் என்னைக் கைவிட்டுப் பல வருடங்கள் ஆகின்றன. உயரம் தாண்டுவதில் மாநிலத் தங்கம் வாங்கியவள் என்றால், நான் உட்கார்ந்து எழுந்திருக்கிற லட்சணத்தைப் பார்க்கிற எவரும் நம்பமாட்டார்கள். பகலில் ஒரு பள்ளியில் பி.டி. டீச்சர். விடிகாலையில் நல்லம்பள்ளிப் பக்கம் ஒரு மைதானத்தில், போலீஸ் தேர்வுக்குப் போகிற பிள்ளைகளுக்கு உடற்பயிற்சி. ஓடு, குனி, நிமிர், மறுபடியும் ஓடு. அரைத்த மாவையே அரைக்கிற பிழைப்பு. அலுத்துவிட்டது. சொல்ல எனக்கு வெட்கமில்லை.

போலீஸ் தேர்வில் பெண்கள் உயரம் தாண்ட வேண்டியதில்லை, நீளம் தாண்டினால் போதும். ஆனாலும் என் ஆசைக்கு ஒரு மூலையில் இரண்டு சவுக்குக் கம்பு நட்டு, ஆணியடித்து, குறுக்கே மூங்கில் வைத்திருந்தேன். விழுவதற்கு வைக்கோல் மூட்டைகள். கம்பில் அளவுக்குறி கிடையாது, டேப் என் பையில்தான். உயரத்தைக் குறைத்துச் சொல்வது எங்கள் தொழிலில் வழக்கம். அப்போதுதான் பயமில்லாமல் தாண்டுவார்கள். தாண்டிய பிறகு உண்மையைச் சொல்லி, எல்லாரையும் கைதட்டச் சொல்வோம். என்னையும் அப்படித்தான் தாண்ட வைத்தார்கள்.

போன வருடம் ஒரு நெட்டைப் பெண் வந்து சேர்ந்தாள். தினமும் மொபெட்டில் கொண்டுவந்து விடுகிற அவள் அப்பா முதல் வாரமே சொல்லிவிட்டார்.

"இந்த வாட்டி போலீசு கெடைக்கலீன்னா மாப்ள ரெடியா இருக்குதுங்க மேடம். கட்டிக் குடுத்துருவோங்க."

அவள் தனியாக என்னிடம் சொன்னது வேறு. "எப்பிடியாச்சும் வூட்ட வுட்டு வெளிய போவணுங்க மேடம்."

பயிற்சி முடிந்த ஒரு நாள், விளையாட்டாக மூங்கிலைத் தாண்டிப் பார்த்தாள். நானும் சும்மா இருக்கமாட்டாமல், முதுகை வளைத்துத் தாண்டச் சொல்லிக்கொடுத்தேன். இரண்டே மாதம். ஒரு காலையில் மூங்கிலைத் தொடாமல் போய் விழுந்தாள். டேப் வைத்துப் பார்த்தேன். ஒன் சிக்ஸ்டி டூ சென்டிமீட்டர். என் வாழ்நாளில் நான் தாண்டிய அதிகபட்சமே ஒன் சிக்ஸ்டி. அதற்கு ஏழு வருடம் நாயாக உழைத்தேன்.

"எவ்ளோங்க மேடம்?" மூட்டையிலிருந்து எழுந்து வைக்கோலைத் தட்டியபடி கேட்டாள்.

டேப்பைச் சுருட்டினேன். "ஒன் ஃபிப்டி. இத வெச்சு ஒண்ணும் ஆவாது. நீ லாங் ஜம்ப்ப மட்டும் பாரு."

முகம் சுண்டிப்போனது. ஆனால் நம்பினாள். மறுநாள் கம்புகளைப் பிடுங்கிவிட்டேன்.

உண்மை தெரிந்தால் போட்டி, மெடல் என்று அலைவாள், தேர்வைக் கோட்டை விட்டுவிடுவாள், அப்பா கட்டிக்கொடுத்துவிடுவார், மெடல் சோறு போடாது என்பதற்கு நானே சாட்சி. இப்படியெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எல்லாம் நிஜம்தான். ஆனால் அவள் தாண்டியதைப் பார்த்து என் வயிறு எரிந்ததும் நிஜம். எது முந்திக்கொண்டு என் வாயைத் திறந்தது என்று இன்றுவரை எனக்கே தெரியவில்லை.

அவளுக்கு வேலை கிடைத்துவிட்டது. போன மாதம் லட்டு டப்பாவோடு அப்பாவும் மகளும் மைதானத்துக்கு வந்தார்கள். அப்பா பேச்சு வராமல் கையெடுத்துக் கும்பிட்டார். இப்போதாவது சொல்லிவிடலாம், வேலைதான் கிடைத்துவிட்டதே என்று நினைத்தேன். அதற்குள் அவளே பேச ஆரம்பித்தாள்.

"நல்லவேளைங்க மேடம், அன்னிக்கே மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டீங்க. இல்லீன்னா வராததக் கட்டிக்கிட்டு அழுதிருப்பேன்." என் கையைப் பிடித்துக்கொண்டாள். "என்னாட்டம் இன்னும் யாராச்சும் வந்தா, அவங்களுக்கும் இப்பிடியே உண்மையச் சொல்லிருங்க."

சரிம்மா என்றேன்.