பூஜையில் வைத்த சங்கிலி

டயர் என்றால் முழுக்க ரப்பர் என்றுதான் கல்யாணத்துக்கு முன்பு நினைத்திருந்தேன். அப்படி இல்லை. உள்ளே துணி இருக்கிறது. துணிமேல் ரப்பர், அதன்மேல் இன்னொரு துணி, மறுபடி ரப்பர் என்று அடுக்கடுக்காக ஒட்டி, சூட்டில் வேகவைத்து ஒன்றாக்கி விடுகிறார்கள். என் வீட்டுக்காரர் பழைய லாரி டயர் ஒன்றைக் குறுக்கே அறுத்துக் காட்டினார். “பருத்தித் துணி போய் இப்ப நைலான் வர ஆரம்பிச்சிருக்குது. இனிமே டயர் வெடிக்கிறது கம்மியாயிடும்” என்றார். அதில் ‘வெடிக்கிறது’ மட்டும்தான் என் காதில் விழுந்தது.

நான் அப்படிப்பட்டவள். ஆறாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டாயிற்று. படித்தது கொஞ்சம், பயந்தது ஜாஸ்தி. பிள்ளை இருமினால் காசநோய், வானம் கறுத்தால் வீடு இடிந்துவிடும். இப்படியே யோசித்து யோசித்து இளமையிலேயே தலை நரைத்துவிட்டது.

அவர் வேலை செய்த கடை திண்டிவனம் சாலையில், சாமி மலை தெரிகிற இடத்தில், ஒரு தகரக் கொட்டகை. பஞ்சர் ஒட்டுவார்கள், தேய்ந்த டயருக்குப் புது மேல்பட்டை வைத்துச் சூடேற்றுவார்கள். கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்திலிருந்து மல்லாட்டைக் கடலை மூட்டை ஏற்றிவரும் மாட்டுவண்டிகளும் அங்கே நிற்கும். அப்போதுதான் மரச்சக்கரத்தை எடுத்துவிட்டு டயர் சக்கரம் போட்டுக்கொண்டிருந்தார்கள். மாட்டுக்குப் பாரம் தெரியாது என்று எல்லோருக்கும் அதில் சந்தோஷம்.

வண்டிச் சக்கரத்தைப் பற்றி எனக்குப் பயமில்லை. பஸ், லாரிச் சக்கரம்தான். அதில் டயர் கழன்று வராமல் இருக்க ஓரத்தில் ஓர் இரும்பு வளையத்தை அழுத்தி உட்கார வைப்பார்கள். லாக் ரிங் என்று பெயர். அது பள்ளத்தில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்பது காற்று ஏறும்போதுதான் தெரியும். உட்காரவில்லை என்றால் அது பறக்கும். கொட்டகைக் கூரையில் நீளமாக ஒரு கிழிசல் இருந்தது. கல்யாணமான புதிதில் அதைக் காட்டி, “இது வழியா ஒரு ரிங்கு சாமி மலையைப் பாக்கப் போச்சு” என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தச் சக்கரத்தின்மேல் குனிந்து உட்கார்ந்து காற்றுப் பிடிப்பவர் இவர்தான்.

அதற்குப் பிறகு கோயிலில் வேட்டுப் போட்டால்கூட எனக்குக் கைவேலை ஓடாது. சுவாமி புறப்பாடு என்று அறிவு சொல்லும். இருந்தாலும் தெருமுனை வரை போய், யாராவது கடைப்பக்கமிருந்து ஓடிவருகிறார்களா என்று பார்த்துவிட்டுத்தான் அடுப்புக்குத் திரும்புவேன். “ஏங்க, வேற வேலை பாக்கலாமே” என்று தினம் ஒரு தடவையாவது கேட்பேன். சோற்றைப் பிசைந்துகொண்டே, “வேற வேலைன்னா? கோயில்ல மணி அடிக்கவா?” என்பார்.

என் தொல்லை தாங்காமலோ, அவருக்கே உள்ளுக்குள் பயம் இருந்ததாலோ, ஒருநாள் வழி கண்டுபிடித்தார். ஜவ்வாது மலையிலிருந்து மரம் ஏற்றிவரும் லாரி ஒன்றில் அறுந்துபோன சங்கிலியை விட்டுப் போயிருந்தார்கள். அதைக் கொல்லனிடம் கொடுத்து இரண்டு கொக்கி வைக்கச் சொன்னார். காற்றுப் பிடிக்கும் முன் சங்கிலியால் டயரையும் ரிங்கையும் சேர்த்து நாலு பக்கமும் சுற்றிக் கொக்கி மாட்டிவிட வேண்டியது. ரிங் எகிறினாலும் சங்கிலிக்குள்ளேயே நிற்கும். யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை, அவர் தலையில் உதித்ததுதான். ஒரு தடவை நிஜமாகவே எகிறி, சங்கிலியில் அடித்து நின்றுவிட்டதாம். வீட்டுக்கு வந்து, “இப்ப நிம்மதியா?” என்று கேட்டார். கொஞ்ச காலம் நிம்மதியாகத்தான் இருந்தேன்.

அந்த வருஷத்து ஆயுத பூஜைக்கு வேலை செய்கிறவர்களின் குடும்பமெல்லாம் கடைக்குப் போனோம். எப்போதும் கறுப்பாகக் கிடக்கும் தரையைக் கழுவிக் கோலம் போட்டிருந்தார்கள். சாமி படத்துக்கு முன்னால் வாழையிலை விரித்து, ஸ்பேனர், சுத்தியல், கடப்பாறை, ஜாக்கி எல்லாம் வரிசையாக அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் சந்தனம், குங்குமம். சங்கிலியைச் சீமெண்ணெய் போட்டுத் துடைத்து, சுருட்டி நடுவில் வைத்திருந்தார்கள். அதற்கு ஒரு முழம் பூ. படையலில் வைத்த சாமானை மறுநாள் திரும்பப் பூஜை போட்டுத்தான் எடுக்க வேண்டும். அதுவரை கை படக் கூடாது. காற்றடிக்கிற மெஷின் தரையோடு போல்ட் போட்டது, நகர்த்த முடியாது என்பதால் அதற்கு இருந்த இடத்திலேயே ஒரு பொட்டு.

கற்பூரம் காட்டி, பூசணிக்காய் உடைத்து, பொரி கட்டிக்கொண்டிருந்தபோது ஒரு பஸ் வந்து நின்றது. முன்னால் வாழைக்கன்று கட்டியிருந்தது, பின்சக்கரம் சப்பையாகியிருந்தது. மாற்றுச் சக்கரமும் காலையிலேயே போய்விட்டதாம். ஜனங்கள் இறங்கி ரோட்டோரம் உட்கார்ந்தார்கள். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது.

“இன்னிக்கு வேலை கெடையாதுப்பா” என்றார் என் வீட்டுக்காரர்.

“நாங்களுந்தான் பூஜை போட்டோம். அதுக்காக வண்டி ஓட்டலையா?” என்றார் டிரைவர். “பொம்பளைங்க கொழந்தைங்களோட ரோட்டுல கெடக்கறாங்க. பாத்து செய்ங்க.”

கடை முதலாளி யோசித்தார். பஸ்ஸிலேயே ஜாக்கி இருந்தது, சுத்தியல் இருந்தது, வேறு டியூபும் இருந்தது. மெஷினைப் படையலில் வைக்கவில்லை, பொட்டுதான் வைத்தது. “நம்ம சாமானைத் தொடாம செஞ்சிடு. புண்ணியமாப் போவும்” என்றார். புது வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு என் வீட்டுக்காரர் உட்கார்ந்தார்.

எல்லாம் பஸ்ஸில் இருந்தது. சங்கிலி மட்டும் இல்லை. அது படத்துக்கு முன்னால் பூவோடு கிடந்தது.

டியூபை மாற்றி ரிங்கைத் தட்டி உட்கார வைத்தார். அந்த ரிங் துருவேறி இருந்தது எனக்கே தெரிந்தது. காற்றுக் குழாயைக் கையில் எடுத்தபோது என்னால் இருக்க முடியவில்லை. அத்தனை ஆம்பளைகளுக்கு நடுவே போய் நின்றேன்.

“ஏங்க, சங்கிலி போட்டுக்கோங்க.”

முதலாளி என்னைத் திரும்பிப் பார்த்தார். “என்னம்மா இது? சாமி முன்னாடி வச்சதை எடுக்கச் சொல்ற?”

“சாமி ஒண்ணும் நெனைச்சுக்காதுங்க. எடுத்துட்டுத் திரும்ப வச்சிடலாம்.”

“சங்கிலியா? எதுக்கு?” என்று டிரைவர் கேட்டார். யாரோ விவரம் சொன்னார்கள். “டயரைக் கட்டிப்போட்டுக் காத்தடிக்கிற ஊர இப்பதான் பாக்கறேன். அது என்ன கோயில் யானையா, கட்டிப்போட?” என்றார் டிரைவர்.

எல்லோரும் சிரித்தார்கள். இவரும் சிரித்த மாதிரிதான் இருந்தது. பிறகு என்னைப் பார்க்காமல், “அங்க போய் பொரியக் கட்டு, போ” என்றார்.

நான் திரும்பி நடந்தேன். படத்தருகே வந்து சேர்வதற்குள் சத்தம் கேட்டது. பிள்ளைகள் வேட்டு என்று நினைத்துக் கைதட்டின.

ரிங் அவருடைய வலது கையில் முழங்கைக்கு மேலே அடித்துவிட்டு, ரோட்டைத் தாண்டிப் போய் விழுந்திருந்தது. அவர் மல்லாந்து கிடந்தார். கை உடம்போடு இருந்தது, ஆனால் அது அவருடைய கை மாதிரி இல்லை. டிரைவர்தான் முதலில் ஓடிவந்து, தன் துண்டை இறுக்கிக் கட்டி அவரைத் தூக்கியது. அதையும் சொல்ல வேண்டும். வேலூருக்குக் கொண்டு போனார்கள். அங்கே கையை எடுத்துவிட்டார்கள்.

அவரை வீட்டுக்குக் கூட்டி வந்ததும் என் மாமியார் முதலில் அழுதார்கள். அப்புறம் பேசினார்கள். “படையல்ல வச்சதை எடுக்கச் சொன்ன வாயி. அந்த வாயாலதான் எம்புள்ள கை போச்சு.” பார்க்க வந்தவர்களிடமெல்லாம் இதே பேச்சு. தெருவில் தண்ணீர் பிடிக்கிற இடத்திலும் அதுவே வந்தது. அவ எப்பவும் அபசகுனமாத்தான் பேசுவா, தினம் வெடிக்கும் வெடிக்கும்னு சொல்லிச் சொல்லியே வெடிக்க வச்சுட்டா, என்றார்கள். முதலாளி வேறு கணக்குப் போட்டிருந்தார். பூஜை நாளில் வேலை செய்ததுதான் தப்பு என்று, அடுத்த வருஷத்திலிருந்து அன்றைக்குக் கடைக்குப் பூட்டுப் போட்டார். சங்கிலி இல்லாததால்தான் நடந்தது என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை.

என் வீட்டுக்காரராவது சொல்வார் என்று இருந்தேன். சோறு நான்தான் ஊட்டினேன். இடது கையால் சாப்பிட அவருக்கு மனம் வரவில்லை, யாராவது வந்தால் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வார். அப்படி ஊட்டும்போதுகூட மாமியார் ஆரம்பிப்பார்கள். அவ சொன்னது சரிதாம்மா, நான் கேக்கல, என்று ஒரு வார்த்தை அவர் சொன்னால் போதும், எல்லாம் அடங்கிவிடும். அவர் மென்றுகொண்டே இருப்பார்.

ஒருநாள் மாமியார் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு அடி அண்ணாமலையில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போயிருந்தார்கள். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். தட்டைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டே விட்டேன்.

“நான் அன்னிக்குச் சொன்னது தப்பாங்க?”

தோளில் கிடந்த துண்டை இடது கையால் இழுத்து வாயைத் துடைத்தார். பிறகு, “தப்பு இல்ல” என்றார்.

“அத அத்தைகிட்ட ஒரு தடவை சொல்லக் கூடாதா?”

“என்னன்னு சொல்றது? எடுக்கணும்னு எனக்கே இருந்துச்சு. மொதலாளிகிட்டக் கேக்கலாம்னு வாயத் தொறக்கறதுக்குள்ள நீ வந்து நின்ன. அத்தினி பேரு முன்னால பொண்டாட்டி சொல்லி எடுத்தா நல்லா இருக்குமா? நீ சொல்லாம இருந்திருந்தா எடுத்திருப்பேன்.”

கோபமாகச் சொல்லவில்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டால் சொல்வது போலச் சொன்னார். சொல்லிவிட்டு வாயைத் திறந்தார். அடுத்த கவளத்தை உருட்டி வைத்தேன்.

நிஜமாகவே எடுத்திருப்பாரா, என் மனசு ஆறவே கூடாது என்று அப்படிச் சொன்னாரா என்று எனக்குத் தெரியாது. நான் போய் நிற்கும் முன் அவர் முகம் எந்தப் பக்கம் திரும்பி இருந்தது என்று நினைவைக் கிளறிப் பார்க்கிறேன். குனிந்த முதுகுதான் தெரிகிறது. அதற்குப் பிறகு அவரிடம் ஜாக்கிரதை என்ற வார்த்தையை நான் சொன்னதில்லை. அவர் ஒற்றைக் கையால் கிணற்றில் தண்ணீர் சேந்தும்போதும் சும்மாதான் நிற்பேன். கயிறு நழுவுவது தெரியும். வாயை மூடிக்கொண்டு நிற்பேன்.